காது வரைக்கும்

ஈஜிபுரா வீட்டின் குளியலறைச் சல்லடையிலிருந்து
ஒற்றை முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து
"இது உன்னதுதான், தப்பிக்க முடியாது" என்கிறாள் பெனடிக்டா.
மேல்பாதி சுருள். கீழ்பாதி கம்பி.
மூன்று பேர் தலைக்குக் குளிக்கிற வீடு.
இப்படி இரண்டு மனசாய் உதிர்வது
என்னுடையது மட்டும்தான்.

பதினேழு மாதமாயிற்று மருந்து வைத்து.
இழுத்தால் தாடை, விட்டால் காது,
அதுவரைக்கும் வந்திருக்கிறேன்.

சுருட்டை முடி சோறு போடும் என்பார்கள் எங்கள் பக்கம்.
எனக்கென்னவோ
சோற்றுக்காகத்தான் அதை நீட்ட வேண்டி வந்தது.
கோரமங்களாவில் ஒரு ஹோட்டல், வரவேற்பு மேஜை.
"தலையைக் கொஞ்சம் அடக்கமா" என்று
மேனேஜர் சொன்னது ஒரே ஒரு தடவை.
அந்த ஒரு தடவைக்கு எட்டு வருஷம்.
ஆறு மாசத்துக்கொருமுறை
அழுகிய முட்டை நாற்றத்தில் மூன்று மணி நேரம்
உச்சி எரிய எரிய உட்கார்ந்து
எழுந்து வந்தவள்
மழைக்குப் பயப்படப் பழகியிருந்தாள்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்பவர்களுக்காக
நல்ல காரணம் ஒன்று வைத்திருக்கிறேன்.
அது பொய்.
அந்த மாதம் வீட்டு அட்வான்ஸ் கட்டினோம்.
கையில் ஏழாயிரம் இல்லை, அவ்வளவுதான்.
அதற்குள் வேரில் ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது.
தொட்டுப் பார்த்தேன்.
பின்சீட்டிலிருந்து யாரோ தோளைத் தட்டி
"ஏ, நீ எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன்தானே?" என்று
கேட்டதுபோல் இருந்தது.

மொத்தமாய் வெட்டிவிடு என்றார்கள்.
என் தலைக்கு அவ்வளவு வீரம் கிடையாது.
எட்டு வாரத்துக்கு ஓர் அங்குலம்.
மீதியைக் கொண்டையில் ஒளித்து வேலைக்குப் போனேன்.

இரண்டும் சேருகிற இடம்தான் நோஞ்சான்.
சீப்பு அங்கேதான் நிற்கும், முடி அங்கேதான் முறியும்.
நுனியில் தொடங்கி, வெறும் விரலால்,
கண்டிஷனர் வழுக்கலில்
ஞாயிற்றுக்கிழமையைத் தின்று தீர்க்கும் சிக்கு.
இதில் டேங்கர் தண்ணீர் வேறு.
வாளி விளிம்பில் வெள்ளையாய்ப் படிகிற உப்பு
தலையை மட்டும் விட்டுவைக்குமா?
கடைசி இரண்டு குவளை
குடிக்க வாங்கிய கேன் தண்ணீர்.
பெனடிக்டாவுக்குத் தெரியாது.

ஒருநாள் நாலு மணி மழையில் மாட்டிக்கொண்டேன்.
மேல்பாதி எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.
கீழ்பாதி சும்மா நனைந்தது.
வருகைப் பதிவு இயந்திரம்
என் முகத்தை மூன்று தடவை வேண்டாம் என்றது.
செக்யூரிட்டி சென்னபசப்பா எட்டிப் பார்த்து
"நீவேனா, மேடம்?" என்றார்.
கொஞ்சம் யோசித்துத்தான்
"ஹௌது" என்றேன்.

நேற்று இன்னோர் அங்குலம்.
வெட்டுகிற ரின்புயி ஐஸ்வால்காரி.
எங்களுக்குள் பொதுச்சொத்து அரைகுறை இந்தி.
என் முடியைப் பிடித்தவள்
கோடு விழுந்த இடத்தில் நிறுத்தி, சிரித்து,
தன் தொப்பியைக் கழற்றினாள்.
காதுக்கு மேல் மழைபோல் நேராய்.
காதுக்குக் கீழே
ஸ்பிரிங் ஸ்பிரிங்காய், காய்ந்து, செம்பட்டையாய்.
ஆசைப்பட்டுச் சுருட்டினாளாம்.
பதினாலு மாதமாய் இறங்கிக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்கு முடித்ததும்
கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டினாள்.
எனக்கு வெட்ட வராது என்றேன்.
ஓர் அங்குலம்தானே என்று
நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெருக்க வந்த பையன்
தரையில் கிடந்த நேர்முடியை அவளுடையதென்றும்
சுருளை என்னுடையதென்றும்தான் நினைத்திருப்பான்.
ஒரே முறத்தில் அள்ளிக்கொண்டு போனான்.

இடப்பக்கம் கொஞ்சம் கோணலாகிவிட்டது அவளுக்கு.
நான் சொல்லவில்லை.
அவள் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து
எட்டு வாரம் கழித்து வா என்றாள்.